இளகிய பலகை

அந்தக் கடற்கரையில் போய் "பிசின் அக்கா வீடு எங்கே?" என்று கேட்டால் ஆட்கள் கையைக் காட்ட மாட்டார்கள், மூக்கைத் தொட்டுக் காட்டுவார்கள். வாடை அடிக்கிற பக்கமாகவே போ என்று பொருள். கேலிதான், ஆனால் வழி தப்பாது. படகுப் பட்டறைகளைத் தாண்டி, ஐஸ் கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடி பதித்த சுவர். முதல் அறையில் அவள் கணவர் நுரைக்கட்டையைச் செதுக்குவார். அடுத்த அறையில் அவள் அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, இறுக வைத்து, தேய்த்துப் பலகையாக்குவாள். அலைமேல் நின்றுகொண்டு சறுக்கிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பலகை.

பேர் என்னவோ கணவருக்குத்தான். நெட்டையர் செய்த பலகை என்றுதான் சொல்வார்கள். கொட்டகைக் கதவில் குனிந்துதான் நுழைவார், அதனால் வந்த பெயர் அது. செதுக்கின ஆளுக்குப் பேர், போர்த்தினவளுக்கு வாடை. என்னைக் கேட்டால் இது அக்கிரமம். அக்காவைக் கேட்டால், "பேரை வச்சுக்கிட்டு என்ன, ஊறுகாயா போடறது?" என்பாள்.

அவள் முதலில் வேலை பார்த்தது படகுப் பட்டறையில். கவிழ்த்துப் போட்ட படகுகளின் ஓட்டைக்குத் துணி வைத்து ஒட்டுகிற வேலை. அங்கே துண்டுத் துணி வாங்க வந்த நெட்டையர், அவள் ரப்பர் பட்டையால் துணியை நீவி ஒரு குமிழிகூட இல்லாமல் காற்றை வெளியே தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"என் பலகைக்கு இந்த மாதிரி போத்தித் தருவியா?" என்று கேட்டார்.

"நான் ஓட்டைதான் அடைப்பேன். உங்க பலகையில ஓட்டை இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேற ஆளப் பாருங்க."

மனிதர் மறுநாள் ஓட்டையோடு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆணியை வைத்துக் குத்தின ஓட்டை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்த மாதிரிதான், மற்றதெல்லாம் சும்மா சடங்கு.

பிள்ளை இல்லை. அதற்காக அழ வேண்டிய அளவுக்கு அழுது முடித்து, இரண்டு பேருமாகப் பலகை செய்தார்கள். விடிந்ததும் அவர் கடலுக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருவார். ஈரத் தலையோடு அவள் அறை வாசலில் நின்று அன்றைய அலைகளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்வார். எது எங்கே எழுந்தது, எங்கே ஏமாற்றியது, தான் எங்கே திரும்பினார் என்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ம்" கொட்டிக்கொண்டே துணியை நீவுவாள். பாதி புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை, அந்தக் குரல் அறைக்குள் இருந்தால் போதும்.

அப்புறம் முழங்கால் போயிற்று.

அலை உச்சியிலிருந்து பலகை கீழே விழுந்து தண்ணீரில் அறையும்போது அந்த அடி நேராக முழங்காலுக்குத்தான் ஏறும். அத்தனை வருஷமும் ஏறி ஏறி உள்ளே இருந்த சவ்வு தேய்ந்துபோயிருந்தது. அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகும் திடீர் திடீரென்று மூட்டு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் அந்தக் கால் வெறும் கட்டை. நடக்கலாம், மெதுவாக நீந்தலாம், அதிர்ச்சி மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். அதிர்ச்சி இல்லாமல் அலை ஏறுவது எப்படி என்று டாக்டர் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

நெட்டையர் கத்தவில்லை, குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டு ஜன்னலோரம் கடலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தபடி நுரைக்கட்டை செதுக்கினார், உட்கார்ந்தபடி சாப்பிட்டார். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி ஆகிவிட்டது, ஆனால் ஆள் இருக்கிறார். இந்த மனுஷனைத் திரும்பத் தண்ணியில் இறக்கணும் என்ற ஒரே எண்ணம் அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

கொட்டகை வாசலில் சாக்கடைக்குக் குறுக்கே ஒரு மரப்பலகை கிடக்கும். ஒருநாள் கவனித்தாள். சிமெண்டுத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்கிறவர், அந்தப் பலகைமேல் வரும்போது சுளிக்கவில்லை. பலகை அவர் எடைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்து, கால் எடுத்ததும் நிமிர்ந்தது. அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ நடங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நடங்களேன். காலையில இருந்து உக்காந்துதானே இருக்கீங்க."

நடந்தார். மறுபடியும் நடக்கச் சொன்னாள். மூன்றாம் முறை, "உனக்கு என்ன, மறை கழண்டுபோச்சா?" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வளைகிற பலகை ஒன்று செய்தால் என்ன?

சாதாரணப் பலகை வளையாது. மூக்கிலிருந்து வால்வரை நடுவில் ஒரு மரச் சட்டம் ஓடும், முதுகெலும்பு மாதிரி. அவர்கள் ஊற்றுகிற ரெசினும் இறுகினால் கண்ணாடிதான், வளைத்தால் விரிசல் விடும். அப்படியானால் நடுச்சட்டத்தை எடுத்துவிட்டு, எடையில்லாத மரத்தை மெல்லிய பட்டிகளாகச் சீவி இரண்டு ஓரத்திலும் வைக்கலாம். நடு இறங்கட்டும், ஓரம் இழுத்து நிமிர்த்தட்டும். நுரைக்கட்டைக்குப் பதில் தெர்மாகோல், அது அமுங்கிக் கொடுக்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவசரக்காரி, பழைய ரெசினையே தெர்மாகோல்மேல் ஊற்றிவிட்டாள். ஊற்றின இடமெல்லாம் சூடான சட்டியில் போட்ட வெண்ணெய் மாதிரி உருகிக் குழியாகி, கடைசியில் மேஜையில் ஒரு கூழ்தான் மிச்சம்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நெட்டையர் எட்டிப் பார்த்தார். "என்ன, சூப் வைக்கிறியா?"

அவள் சிரித்தாள். ரெசின் வீணான வயிற்றெரிச்சலைவிட அவர் கேலி பண்ணிய சந்தோஷம் பெரிதாக இருந்தது. இந்தக் கேலிக்காகவே இன்னும் நாலு பலகையை உருக்கலாம் என்று தோன்றியது.

தெர்மாகோலை உருக்காத ரெசின் எபாக்சி என்று சொல்லி, ரசாயனக் கடைக்காரர் இரண்டு டப்பா எடுத்து வைத்தார். ஒன்று ரெசின், ஒன்று அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். "அக்கா, உங்க பழைய சரக்கு மாதிரி நினைச்சுடாதீங்க. அதுல குளிருக்கு ரெண்டு சொட்டு கூட, வெயிலுக்கு ரெண்டு சொட்டு கம்மின்னு நீங்க கண்ணால பாத்து ஊத்துவீங்க. இதுல அந்த விளையாட்டே கிடையாது. தராசுல வச்சு, சொன்ன பங்கு சொன்ன மாதிரி போடணும். கூடப் போட்டா சீக்கிரம் இறுகும்னு நினைப்பீங்க. இறுகவே இறுகாது, உள்ளுக்குள்ள இளகியே நிக்கும். அப்புறம், கையுறை போடுங்க. இது தோலுக்கு ஆகாது."

"கையுறை போட்டா துணிக்கடியில காத்து நிக்கறது விரலுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

"உங்க இஷ்டம்" என்றார் அவர். பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கொழுப்பு உண்டு. வெறுங்கையால் செய்கிறவன்தான் வேலைக்காரன் என்று ஒரு நினைப்பு. அக்காவுக்கும் இருந்தது, இல்லை என்று நான் ஏன் மறைக்க வேண்டும்?

செய்தாள். முதல் பலகை கதவு மாதிரி விறைத்து நின்றது. ஓரப்பட்டியை இன்னும் மெல்லிசாகச் சீவி, துணியை ஒரு சுற்று குறைத்து இன்னொன்று செய்தாள். அது துவண்டுபோய் நிமிரவே மறுத்தது. அதற்கடுத்தது, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது படாரென்று முறிந்தது. தெர்மாகோல் உருண்டைகள் அறை முழுக்கப் பறந்தன. அவள் தலைமுடியிலிருந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டே நெட்டையரின் தம்பி சொன்னான், "அண்ணி, எங்க அண்ணனுக்கு ஒரு நல்ல கட்டுமரம் வாங்கிக் குடுத்துருங்க. செலவு கம்மி." அவன் கடற்கரையில் பலகை வாடகைக்கு விட்டு, புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன். வாய் நீளம், மனசு தங்கம்.

அப்புறம் ஒரு மழை நாள். கூரைத் தகரம் அதிர அதிரக் கொட்டியது. அறை ஈரமும் குளிருமாகக் கிடந்தது. நெட்டையர் செதுக்கிக் கொடுத்திருந்த தெர்மாகோல் பலகை, ஓரத்தில் மரப்பட்டிகளோடு மேஜைமேல் தயாராக இருந்தது. அக்கா ரெசினை நிறுத்தாள், ஹார்ட்னரை நிறுத்தாள். தராசில் அளவு சரியாக நின்றது. நின்ற பிறகு, இந்தக் குளிரில் இது எங்கே இறுகப்போகிறது என்று ஹார்ட்னர் டப்பாவை இன்னொரு சாய்ப்பு சாய்த்தாள். மழை நாளில் கூடக் கொஞ்சம் ஊற்றுவது கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்வதுதான். கடைக்காரர் சொன்னது அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ! ஊற்றினாள், கலக்கினாள், துணிமேல் பரப்பினாள், அவ்வளவுதான்.

மறுநாள் தொட்டால் விரல் லேசாக ஒட்டியது. இன்னும் ஒரு நாள் விட்டாள். ஒட்டுவது குறைந்தது. மழையால்தான் என்று நினைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தூளாகப் பறக்காமல் பிசுபிசுவென்று திரண்டு திரண்டு வந்து முழங்கைவரை ஒட்டிக்கொண்டது. தின்னர் நனைத்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு மேலே தேய்த்தாள். முடித்துவிட்டு முக்காலிகளுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். பலகை இறங்கியது. கையை எடுத்ததும் அவசரப்படாமல், மெத்தென்று மேலே வந்தது. அழுத்தினாள், மறுபடியும் வந்தது. அவள் அன்றைக்கு அந்தப் பலகையை எத்தனை தரம் அழுத்தினாள் என்று கணக்கே கிடையாது.

நெட்டையரைக் கடலுக்குக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "விழுந்தா?" என்றார். "விழுந்தா எந்திரிங்க" என்றாள். "எந்திரிக்க முடியாட்டி?" "உங்க தம்பி எதுக்கு இருக்கான், வாய் பேசறதுக்கு மட்டுமா?" தம்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக நடத்திக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்கள்.

முதல் அலையை விட்டுவிட்டார். அடுத்ததையும் விட்டார். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றாள். மூன்றாவதாக ஒன்று பெரிசும் இல்லாமல் சிறிசும் இல்லாமல் வந்தது. எழுந்து நின்றார். இறங்கினார். கீழே தண்ணீரில் பலகை அறைய வேண்டிய இடத்தில் அது வளைந்து வாங்கிக்கொண்டு, அவரை அப்படியே மேலே தூக்கிவிட்டது. தூரத்திலிருந்துகூட அது தெரிந்தது. அவர் கரைக்கு வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார், வாயெல்லாம் உப்புத் தண்ணீரோடு.

"என்ன போட்ட அதுல?" என்றார். "காலுக்கடியில மூச்சு விடுது அது. நான் சொல்றதுக்கு முன்னாடியே திரும்புது. இந்த மாதிரி ஒரு பலகையில நான் நின்னதே இல்ல."

அன்று சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே, சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல், ஒவ்வொரு அலையாகச் சொன்னார். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியது. தினமும் போனார். மூட்டு வலித்தது, ஆனால் அந்த வலியைப் பற்றிக்கூடச் சிரித்துக்கொண்டே பேசினார். வயசானவர் என்று யாராவது வழிவிட்டால் கோபம் வந்தது. அக்கா வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதுகூட அதற்கப்புறம்தான்.

அவள் கைகளில் அரிப்பு தொடங்கியது அப்போதுதான். விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு முழங்கைவரை தடிப்பு. காலையில் எழுந்தால் கண் இமைகள் வீங்கிப்போய் மூடிக்கிடக்கும். "என்ன இது, அழுதியா?" என்று நெட்டையர் கேட்டார். "கொசு" என்றாள். "கொசு ரெண்டு கண்ணுலயும் சொல்லி வச்சு கடிக்குமா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் பலகையைத் தம்பியின் வண்டிக் கூரைமேல் கட்டிவைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் டீக்கடையில் கதையளந்துகொண்டிருந்தார்கள். கூரைத் தகரம் கொதித்தது. அப்புறம், கரையை விட்டு வெகு தூரத்தில் அலை நன்றாக இருக்கிறதென்று, பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இருவரும் போனார்கள். அங்கே, நெட்டையர் எழுந்து நின்ற இரண்டாவது அலையில், பலகையின் அடித்துணி கழன்றது. வெயிலில் இளகிக் கிடந்த பிசினோடு தோல் உரிந்த மாதிரி நீளமாக உரிந்து வந்துவிட்டது. வளைந்த பலகை நிமிரவில்லை, நடுவில் மடங்கிப் பிளந்தது. அவர் விழுந்தார். விழுந்த வேகத்தில் மூட்டு பூட்டிக்கொண்டது. பிடித்துக்கொள்ள இருந்த ஒரே பலகை இரண்டு துண்டாகி, தண்ணீர் குடித்து, கைக்கு எட்டாமல் போயிற்று.

தம்பி எப்படி அவரைக் கண்டுபிடித்தான், எப்படித் தன் பலகையில் குறுக்கே போட்டு இழுத்து வந்தான் என்பதை அவன் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. அத்தனை வாய் பேசுகிறவன், அதை மட்டும் பேச மாட்டான். ஆள் வந்து சொல்லி அக்கா ஓடினபோது நெட்டையர் மணலில் குப்புறக் கிடந்து கடல் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கரை ஒதுங்கின பாதிப் பலகையைத் தம்பி கொட்டகையில் கொண்டுவந்து போட்டான். அக்கா கத்தியால் ஓரத்தைக் கீறித் துணியைத் தூக்கினாள். பிசினில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் இறங்கியது. இத்தனை நாளைக்குப் பிறகும் ஹார்ட்னருக்கே உள்ள மீன் நாற்றம் அப்படியே இருந்தது. மழை நாளும் அந்த ஒரு சாய்ப்பும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் காலுக்கடியில் மூச்சு விட்டது மரப்பட்டியும் இல்லை, தெர்மாகோலும் இல்லை. இறுகாமல் நின்றுபோன பிசின். அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த வளைவு முழுக்க முழுக்க ஒரு தப்பு.

அதைக் கீறிக்கொண்டிருக்கும்போதே முகம் வீங்கத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் கண் இரண்டும் மூடி, தொண்டை இறுகி, மூச்சு விசில் அடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

"சரியா இறுகாத எபாக்சியை வெறுங்கையால தேச்சீங்களா?" என்று கேட்டார் டாக்டர். தலையாட்டினாள். "உங்க உடம்பு இதுக்கு எதிரியாகிடுச்சு. இனி தொட்டாலும் சரி, பக்கத்துல நின்னாலும் சரி, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமா வரும். மூச்சுக் குழாய் அடைச்சுக்கிட்டா ஆஸ்பத்திரி வர வரைக்கும்கூடத் தாங்காது. இந்த வேலையை இன்னையோட விட்டுடுங்க." சின்ன வயசிலிருந்து தெரிந்த ஒரே வேலை அது. "சரிங்க டாக்டர்" என்றாள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் நெட்டையரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூடப் போட்டது, இறுகாதது, அதனால்தான் அப்படி வளைந்தது, அதனால்தான் பிளந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி மறுபடியும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது.

"அப்ப இன்னொண்ணு அதே மாதிரி தப்பாப் பண்ணு."

"பேச்சைப் பாரு."

"நிஜமாத்தான் சொல்றேன். நீ உள்ள வரவேண்டாம். நானே ஊத்திக்கறேன். நீ வெளிய நின்னு எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அவள் அந்த வாரம் முழுக்கச் சண்டை போட்டாள், கெஞ்சினாள், முகம் கொடுக்காமல் இருந்தாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில், நல்லபடியாக இறுகின பலகையும் வளையத்தான் செய்யும், ஓரப்பட்டியைச் சரியாக வைத்தால் அதுவும் அவருக்குப் பிடித்துப்போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

அவர் ரெசின் அறையில், கையுறையும் முகமூடியுமாக. அவள் செதுக்கும் அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கதவிடுக்கில் துணி அடைத்துக்கொண்டு. அவள் சத்தமாகச் சரியான அளவைச் சொன்னாள். அவர் தராசில் வைத்தார். சரியாக நின்றது. தராசையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு ஹார்ட்னர் டப்பாவை எடுத்து, அவள் எப்படிச் சாய்ப்பாளோ அப்படியே, மணிக்கட்டை லேசாகத் திருப்பி இன்னொரு சாய்ப்பு சாய்த்தார்.

அக்கா அடைத்த துணியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"வெளிய போ. உனக்கு ஆகாது."

"அதைக் குடுங்க."

"தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

"எனக்கும் தெரியும். குடுங்க."

அவர் பிசின் குவளையை மார்போடு வைத்துக்கொண்டார். அத்தனை உயர மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி. "ஒரு மாசம் தாங்கட்டும். பிளந்தா பிளக்கட்டும். அந்தப் பலகையில நின்னப்பதான் நான் நானா இருந்தேன். இல்லாட்டி என்ன பண்ணப்போற நீ? காலம் முழுக்க அந்த நாற்காலியில உக்கார வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கப்போறியா?"

"ஆமா" என்றாள். "உக்கார வச்சுப் பாத்துக்கிட்டேதான் இருக்கப்போறேன்."

அவள் கண் இமை அதற்குள் தடித்துக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் வாதாடினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. குவளையைக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் குப்பை டப்பாவில் கவிழ்த்து, வேறு குவளை எடுத்து, இரண்டையும் நிறுத்து, பிசகாமல் கலந்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வாசலில் சாக்கடையோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே அவர் பேசாமல் துணியை நீவுகிற சத்தம் கேட்டது. அந்த முறை ஆஸ்பத்திரியில் முன்னைவிடக் கூட நாட்கள் இருக்க வேண்டியிருந்தது.

பலகை நன்றாகவே வந்தது. முழுசாக இறுகி, அழுத்தினால் அளவாக இறங்கி, விசுக்கென்று நிமிர்ந்தது. தம்பி அதில் ஏறிப் போய்விட்டு வந்து, "அண்ணி, இது மாதிரி பத்து பண்ணுங்க, பத்தும் நான் எடுத்துக்கறேன்" என்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நெட்டையரும் ஒருநாள் எடுத்துப் போனார். கரைக்குப் பக்கத்திலேயே சின்ன அலைகளாகப் பார்த்து நாலைந்து ஏறினார். விழவில்லை. மூட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. அக்கா மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரமே கரையேறி வந்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"காலுக்கு?"

"வலி இல்ல. நல்ல வேலை." விலை கொடுத்துப் பலகை வாங்கிப் போகிற ஆட்கள் சொல்வது போலவே சொன்னார். எந்த அலையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. பலகையைத் தம்பி கையில் கொடுத்து, "வாடகைக்கு விட்டுக்கோ, உறுதியா இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "எம்மேல கோவமா?"

"இல்ல."

"பின்ன?"

"ஒண்ணும் இல்ல. உயிரோட இருக்கேன்ல. அது போதும்ல உனக்கு?"

இல்லை என்று சொல்ல ஆசைப்பட்டாள். பொய் சொல்ல வரவில்லை.

"போதும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீடு வந்ததும் ஈரத் துணியை மாற்ற உள்ளே போனார்.